இன்னும் கொஞ்சம் ஆதாரம் வேண்டும்

ஒரு விஷத்தை விஷம் என்று அமெரிக்க அரசாங்கம் ஒப்புக்கொள்ள எத்தனை கர்ப்பிணிகளின் சிறுநீர் தேவைப்படும்? 601 பேருடையது போதாது என்பது மட்டும் இப்போதைக்கு ஐயமறத் தெரிந்திருக்கிறது.

அந்த 601 பேரும் கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்குப் பெண்கள். பெரும்பாலோர் மெக்சிகோவில் பிறந்தவர்கள், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அவர்களோ அவர்கள் வீட்டு ஆண்களோ வயலில் கூலி வேலை பார்த்தார்கள். 1999 கடைசியில் தொடங்கி ஓராண்டு காலம், பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பொதுச் சுகாதார ஆய்வாளர் பிரெண்டா எஸ்கனாசியின் குழு அங்கே கிளினிக்குகளுக்கு வந்த கர்ப்பிணிகளிடம் ஒரு கோரிக்கை வைத்தது. சிறுநீர் கொடுங்கள், ரத்தம் கொடுங்கள், பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தம் கொடுங்கள், வீட்டுத் தரையில் படிந்த தூசியைக் கொடுங்கள், பிள்ளை வளர வளர அதையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்கள் கொடுத்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆய்வின் பெயர் சாமாகோஸ். மெக்சிகோ வழக்கில் பொடிப்பிள்ளைகளை அப்படிக் கூப்பிடுவார்கள்.

சலினாஸை அந்த ஊர்க்காரர்கள் உலகத்தின் சாலட் கிண்ணம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். லெட்டூஸ், ப்ராக்கலி, செலரி, ஸ்ட்ராபெரி. நியூயார்க்கில் உடம்பு இளைக்க ஆசைப்பட்டு ஒருவர் மதியத்தில் மெல்லுகிற இலையை இங்கே யாரோ ஒருவர் விடியற்காலையில் குனிந்து அறுத்திருப்பார். ஜான் ஸ்டைன்பெக் பிறந்ததும் இதே ஊரில்தான். வயல் கூலிகளின் பசியை எழுதி நோபல் வரைக்கும் போன அந்த மனிதருக்கு 1998இல் ஊர் நடுவே ஒரு நினைவு மையம் திறந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். பசியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாகிவிட்டது. வெளியே வயலில் தெரிவது வேறு ஏதாவதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆய்வு தொடங்கிய காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கின்மீது ஆண்டுக்கு இரண்டு லட்சம் கிலோவுக்கு மேல் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் தெளிக்கப்பட்டன. இந்த வகையறாவின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1930களில் ஜெர்மனியில் ஐ.ஜி. பார்பென் கம்பெனியின் வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சியைக் கொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தபோது கையில் அகப்பட்டது டாபுன் என்ற நரம்பு விஷம். ஜெர்மன் ராணுவம் அதை மகிழ்ச்சியோடு வாங்கி வைத்துக்கொண்டது. நம் நரம்புகளுக்கிடையே ஒரு சேதி போய்ச் சேர்ந்ததும் அதை முடித்துவைக்க உடம்பில் ஒரு நொதி உண்டு. இந்த வகை ரசாயனங்கள் அந்த நொதியின் கையைக் கட்டிப்போட்டுவிடும். சேதி நிற்காது. பூச்சி துடித்துத் துடித்துச் சாகும். அளவு மிஞ்சினால் மனிதனுக்கும் அதே கதிதான். டாபுனுக்குக் கொஞ்சம் சாதுவான பங்காளி குளோர்பைரிபாஸ். 1965இல் டவ் கெமிக்கல் கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்த விஷத்தை உடைத்துச் செயலிழக்கச் செய்ய நம் ரத்தத்தில் இன்னொரு நொதி இருக்கிறது. எஸ்கனாசி குழுவினர் அதையும் அளந்து பார்த்தார்கள். பிறந்த குழந்தைக்கு அந்த நொதி தாயிடம் இருப்பதில் சராசரியாக நான்கில் ஒரு பங்குதான் இருக்கிறது. சில குழந்தைகளிடம் அதைவிடவும் மிகக் குறைவு. வயது வந்தவர்களின் அளவைப் பிள்ளைகள் ஏழு வயதிலும் எட்டவில்லை. அதாவது, பெரியவர்களுக்கு 'பாதுகாப்பான அளவு' என்று சட்டம் எதைச் சொல்கிறதோ அது தொட்டில் பிள்ளைக்குப் பொருந்தாது. பிறந்த பிள்ளை சட்டத்தைப் படித்துவிட்டுத் தன் நொதியைக் கூட்டிக்கொண்டால் ஒழிய.

இனி 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம். சலினாஸ் கர்ப்பிணிகள் சீசாக்களில் சிறுநீர் கொடுத்துக்கொண்டிருந்த அதே மாதங்கள். வாஷிங்டனில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு நல்ல காரியம் செய்தது. குளோர்பைரிபாஸ் குழந்தைகளுக்கு ஆபத்தானது என்று கண்டு, வீடுகளில் கரப்பானுக்கும் செல்லுக்கும் அடிக்கும் உபயோகத்தை நிறுத்தக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. புறநகர் வீட்டுத் தரைவிரிப்பில் தவழும் குழந்தை தப்பித்தது. வயலில்? வயலில் தொடரலாம். தரைவிரிப்பில் தவழ்ந்தால் குழந்தை. லெட்டூஸ் வரப்புக்கு அந்தப் பக்கத்து டிரெய்லர் வீட்டில் தவழ்ந்தால் அது விவசாய உற்பத்திச் செலவின் ஒரு பகுதி. ஒரே விஷம், ஒரே நாடு, ஒரே முகமை, இரண்டு விதமான குழந்தைகள். சுகாதார ஏற்றத்தாழ்வு என்றால் என்னவென்று விளங்கவில்லை என்கிற கனவான்கள் இந்த ஒரு பத்தியை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

2011இல் முடிவு வெளிவந்தது. கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் இந்த வகை ரசாயனங்களின் எச்சம் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளை, மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கோடு ஒப்பிட்டார்கள். ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனையில் வித்தியாசம் ஏழு புள்ளி. அதே ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து இரண்டு தனித்தனி ஆய்வுகளும் வந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் டொமினிக்கன், கறுப்பினத் தாய்மார்களின் தொப்புள்கொடி ரத்தத்தில் குளோர்பைரிபாஸையே நேரடியாக அளந்தவர்கள். மவுண்ட் சைனாய் மருத்துவமனையினர் இன்னொரு கூட்டத்தை ஆராய்ந்தவர்கள். கிழக்குக் கரையும் மேற்குக் கரையும், நகரமும் வயலும், சொல்லிவைத்தாற்போல ஒரே திசையைக் காட்டின.

ஏழு புள்ளிதானே என்று தோன்றும். சாமாகோஸ் பிள்ளைக்கு அந்த ஏழுதான் கணக்குப் பரீட்சையில் தேறுவதற்கும் தேறாததற்கும் நடுவில் இருப்பது. வாஷிங்டனில் ஒரு செனட்டரின் பேரனுக்கு ஏழு மதிப்பெண் குறைந்தால் பள்ளி முதல்வர் வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

கம்பெனிகளின் நிபுணர்கள் ஆட்சேபம் சொன்னார்கள். சலினாஸில் அளந்தது இந்த வகை ரசாயனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான எச்சம், குளோர்பைரிபாஸுக்கு மட்டும் உரியதல்ல. வறுமை, ஈயம், தாயின் படிப்பு, இன்னும் எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. ஆய்வரங்கில் இவை நியாயமான கேள்விகள். எஸ்கனாசியே ஒரு முதுநிலை மாணவரிடம் இவற்றைக் கேட்டிருப்பார். ஆனால் விவகாரம் ஆய்வரங்கில் நடக்கவில்லை. நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்ட மனிதனுக்குக் கொடுப்பார்கள், அவன் உயிரும் மானமும் உள்ளவன் என்பதால். இங்கே சந்தேகத்தின் பலன் டப்பாவில் அடைத்த ரசாயனத்துக்குப் போயிற்று. அது நிரபராதி என்று கருதப்படும் உரிமையோடு பிறந்தது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு கருவில் இருந்த பிள்ளைக்கு.

சுற்றுச்சூழல் அமைப்புகள் இதைத் தடை செய்யச் சொல்லி 2007இல் மனுக் கொடுத்திருந்தன. அதன்பின் முகமையில் நடந்ததை நான் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாகச் சொன்னால் வாசகருக்கும் ஏழு புள்ளி குறையும். எட்டு ஆண்டு யோசித்து 2015இல் தடை செய்யலாம் என்று முன்மொழிந்தார்கள். 2016 நவம்பரில் முகமையின் சொந்த விஞ்ஞானிகளே, உணவில் இருக்கும் அளவு பாதுகாப்பானதல்ல என்று எழுதித் தந்தார்கள். 2017 ஜனவரியில் புதிய அதிபர் பதவியேற்றார். விழாச் செலவுக்கு டவ் கம்பெனி பத்து லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தது. மார்ச் 29ஆம் தேதி முகமையின் புதிய தலைவர் ஸ்காட் புரூயிட் மனுவை நிராகரித்தார். காரணம், விஞ்ஞானம் இன்னும் தீரவில்லையாம். நன்கொடைக்கும் நிராகரிப்புக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது அல்லவா?

இந்தப் புரூயிட்டிடம் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 2018இல் அவர் 'வெளிப்படையான விஞ்ஞானம்' என்று ஒரு விதியை முன்மொழிந்தார். எந்த ஆய்வின் மூலத் தரவுகள் பொதுவெளியில் இல்லையோ, அதை வைத்துச் சட்டம் போடக் கூடாது. கேட்கக் காதுக்கு இனிமை. ஆனால் சாமாகோஸ் போன்ற ஆய்வுகளின் மூலத் தரவு என்பது தாய்மார்களின் ரத்தப் பரிசோதனை, பிரசவம், வீடு இருக்கும் இடம், குடும்ப நிலைமை. ரகசியமாக வைத்திருப்போம் என்று எழுத்தில் உறுதி கொடுத்து வாங்கியவை. கலிஃபோர்னிய வயல்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் குடியேற்ற ஆவணம் கிடையாது என்பது அந்த மாநிலத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அப்படிப்பட்ட இடத்தில் கொடுத்த வாக்குறுதியை உடைத்தால்தான் அந்தப் பிள்ளைகளின் மூளை கணக்கில் சேரும் என்றது விதி. இப்படி வெளிப்படைத்தன்மைக்கு உருகிய மனிதர் தன் அலுவலகத்தில் பேச்சு வெளியே கேட்காத தொலைபேசிக் கூண்டு ஒன்றை அரசுச் செலவில் கட்டிக்கொண்டிருந்தார். செலவு 43,000 டாலர். கூலிக்காரியின் கருப்பைக்குக் கண்ணாடிச் சுவர், அமைச்சருக்குச் சமமான பதவியில் இருப்பவருக்கு ஒலி புகாத சுவர். முறைகேட்டு விசாரணைகள் சூழ்ந்து 2018 ஜூலையில் அவர் பதவி விலகினார். 2021 ஜனவரியில் விதி இறுதி வடிவம் பெற்றது. அடுத்த மாதமே நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை வேறொன்று. சாமாகோஸ் ஆய்வுக்குத் தேசியச் சுற்றுச்சூழல் நலவாழ்வு அறிவியல் கழகத்தோடு சேர்ந்து ஆரம்பத்திலிருந்து பணம் கொடுத்தது யார் தெரியுமா? இதே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. காசு கொடுத்துப் பார்க்கச் சொன்னவர்கள், பார்த்துச் சொன்னதும் காது கேட்கவில்லை என்றார்கள். பிறகு 2019இல், இனிமேல் பார்க்கவே வேண்டாம் என்று நாடெங்கும் இருந்த குழந்தைகள் சுற்றுச்சூழல் ஆய்வு மையங்களுக்கான நிதியை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள்.

முகமையின் சிரமத்தைக் குறைக்க, அவர்கள் வெளியிட வேண்டிய அறிவிப்பு ஒன்றை நானே எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம்.

'சலினாஸ் பள்ளத்தாக்கில் கருவில் வசிக்கும் சிசுக்களின் கவனத்துக்கு: தங்கள் வசமிருந்த ஏழு அறிவுப் புள்ளிகள் காணாமற் போனதாகத் தகவல் வந்துள்ளது. புகார் தர விரும்பும் சிசு, மேற்படி புள்ளிகள் முன்னர் தன்னிடம் இருந்தமைக்கான மூல ஆவணத்தை மூன்று நகல்களுடன் இணைக்க வேண்டும். சம்பவ நேரத்தில் ஈயம், ஏழ்மை, தாயின் கவலை ஆகியோர் அக்கம்பக்கத்தில் இல்லை எனச் சான்று பெற வேண்டும். தாயின் முழு முகவரி கட்டாயம். பரிசீலனைக் காலம் 14 ஆண்டுகள். அதற்குள் பிறந்துவிடும் சிசுக்களின் மனுக்கள் தள்ளுபடி செய்யப்படும்.'

14 ஆண்டு என்பது என் கற்பனை அல்ல. 2007இல் கொடுத்த மனுவுக்கு, நீதிமன்றம் கழுத்தில் கை வைத்த பிறகு, 2021 ஆகஸ்டில்தான் முகமை உணவுப் பயிர்களில் குளோர்பைரிபாஸுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. மனுக் கொடுத்த அன்று பிறந்த பிள்ளைக்கு மீசை அரும்பியிருக்கும்.

பழைய கதையும் ஒன்று இருக்கிறது. அறுபதுகளில் இதே பள்ளத்தாக்கில் லெட்டூஸ் வயலில் களை கொத்தக் குட்டைப் பிடி மண்வெட்டி கொடுத்தார்கள். எல் கொர்த்தீத்தோ என்று தொழிலாளர்கள் சொல்வார்கள். இரண்டு அடிகூட இல்லாத பிடி. நாள் முழுக்க இரண்டாக மடிந்துதான் வேலை செய்ய முடியும். முதுகெலும்பு நிரந்தரமாகக் கெடுகிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். நீண்ட பிடி வந்தால் லெட்டூஸ் தொழிலே அழிந்துவிடும் என்று முதலாளிகள் சாட்சி சொன்னார்கள். 1975இல் குட்டைப் பிடிக்குத் தடை வந்தது. லெட்டூஸ் இன்றுவரை அழியவில்லை. அன்று ஆருடம் சொன்னவர்கள் யாரும் அந்த முதுகுகளிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் தெரியவில்லை. குளோர்பைரிபாஸ் போனால் விவசாயம் படுத்துவிடும் என்று பின்னாளில் சொன்னவர்களுக்குப் புதிதாக வசனம் எழுத வேண்டிய செலவும் மிச்சம்.

எஸ்கனாசியின் குழு இத்தனைக்கும் நடுவில் என்ன செய்தது? கட்டுரை எழுதிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை என்பதுதான் எனக்கு அவர்கள்மீது மரியாதை. வயலிலிருந்து திரும்பும் அப்பாவின் சட்டையிலும் பூட்ஸிலும் விஷம் வீட்டுக்குள் வருகிறது என்று அளந்து காட்டினார்கள். பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் உடை மாற்றுங்கள், குளியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். ஸ்ட்ராபெரி பறிக்கும் தொழிலாளர்களுக்குக் கையுறை, மேலங்கி, கை கழுவச் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் ஏறும் பூச்சிக்கொல்லி குறைந்தது. சோப்பும் வெந்நீரும்! சந்திரனில் ஆளை இறக்கிய தேசத்தில் வயல் ஓரத்துக்கு ஒரு வாளி வெந்நீர் போய்ச் சேர ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டியிருக்கிறது. கொடுத்தது ஆராய்ச்சியாளர்கள், பயிரை விற்றவர்கள் அல்ல என்பதையும் கவனியுங்கள்.

2013இல் இன்னொன்று செய்தார்கள். சலினாஸ் இளைஞர் குழு ஒன்றோடு சேர்ந்து ஹெர்மோசா என்று ஓர் ஆய்வு. லத்தீன் வம்சப் பெண் பிள்ளைகள் 100 பேர். மூன்று நாளைக்கு மட்டும், சில ரசாயனங்கள் கலக்காத ஷாம்பூ, மேக்கப், சோப்பு. மூன்றே நாளில் சிறுநீரில் ட்ரைக்ளோசான் 36 சதவீதம் குறைந்தது. சில பாராபென்கள் 40 சதவீதத்துக்கு மேல் இறங்கின. திட்டமிட்டதிலும் நடத்தியதிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே பங்கு இருந்தது. அளக்கப்பட்டே வளர்ந்த ஊர்ப் பிள்ளைகள் அளவுகோலைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட இடம் அது. மூன்று நாளில் அவர்கள் செய்து காட்டியதைக் கம்பெனிகள் ஏன் முப்பது வருஷமாகச் செய்யவில்லை என்று அந்தப் பெண்களில் யாராவது கேட்டிருந்தால், அவள் கேள்வியில் தவறில்லை.

மாநில அரசு மட்டும் காது கொடுத்தது. கலிஃபோர்னியாவில் 2020 பிப்ரவரியோடு குளோர்பைரிபாஸ் விற்பனையும் அந்த ஆண்டு இறுதியோடு உபயோகமும் ஏறக்குறைய முழுவதுமாக நின்றன. 601 தாய்மார்களுக்குக் கிடைத்த உருப்படியான பதில் அது ஒன்றுதான். அப்போது அவர்களுடைய பிள்ளைகளுக்கு வயது இருபது. டவ்வின் வேளாண் வாரிசான கோர்ட்டேவா கம்பெனியும் அதே ஆண்டு உற்பத்தியை நிறுத்தியது. பிள்ளைகளுக்காகவா? விற்பனை குறைந்துவிட்டது என்றார்கள். அதுவாவது உண்மை.

2020 என்றதும் ஒரு கடிதம் நினைவுக்கு வருகிறது. அந்த மார்ச் மாதம் நாடே வீட்டுக்குள் முடங்கியபோது, வயல் தொழிலாளர்களுக்கு முதலாளிகள் ஒரு கடிதம் கொடுத்தார்கள். வழியில் போலீஸ் மறித்தால் காட்ட வேண்டும். இவர் நாட்டின் உணவுச் சங்கிலிக்கு இன்றியமையாதவர் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கருதுவதாக அதில் எழுதியிருந்தது. அவரை நாட்டை விட்டுத் துரத்தும் துறையும் அதுதான். அந்த ஆண்டு காங்கிரஸ் நிறைவேற்றிய நிவாரணச் சட்டத்தில் ஆவணமற்றவருக்குக் காசோலை கிடையாது. ஒபாமா காலத்துக் காப்பீட்டுச் சந்தையில் அவர் சொந்தக் காசைக் கொடுத்தாலும் பாலிசி வாங்க முடியாது. வேலைக்கு இன்றியமையாதவர், வைத்தியத்துக்குச் சட்ட விரோதமானவர். எஸ்கனாசி குழு சலினாஸில் 1,107 வயல் தொழிலாளர்களைச் சோதித்தபோது, தொற்று கண்டு உடம்புக்கு முடியாமல் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த நிலையிலும் வேலைக்குப் போயிருந்தார்கள். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

கொரோனாவுக்கு முன்பெல்லாம் இந்த ஏற்றத்தாழ்வுப் பேச்சை எடுத்தால் அதிகாரிகள் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து நீட்டுவார்கள். ஏழைகளாயிருந்தும் லத்தீன் வம்சத்தவர் வெள்ளையரைவிட நீண்ட நாள் வாழ்கிறார்களே! 1986இல் கிரியாக்கோஸ் மார்க்கிடெஸ் என்ற ஆய்வாளர் கவனப்படுத்திய புதிர் அது. புலம்பெயர்ந்து வருகிறவர்கள் பெரும்பாலும் திடகாத்திரமானவர்கள், குறைவாகப் புகைப்பவர்கள், குடும்பம் தாங்குகிறது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆய்வாளருக்கு அது புதிர். அரசியல்வாதிக்கு அது விடுமுறை. 2019இல் லத்தீன் வம்சத்தவரின் ஆயுள் எதிர்பார்ப்பு 81.9 ஆண்டு, வெள்ளையருக்கு 78.8. கொரோனாவின் இரண்டே ஆண்டில் முந்தையது நான்கு ஆண்டுக்கு மேல் சரிந்தது. இன்றியமையாதவர்கள் அல்லவா, முதல் வரிசையில் நிறுத்தினார்கள்.

வெயில் விஷயமும் இப்படியே. ஆஸ்டினிலும் டல்லஸிலும் கட்டடத் தொழிலாளிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட இடைவேளை தர வேண்டும் என்று நகராட்சி விதி இருந்தது. அந்த வேலையில் பெரும்பாலோர் லத்தீன் வம்சத்தவர். 2023இல், டெக்சாஸ் வெந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில், அப்படிப்பட்ட விதிகளைச் செல்லாததாக்கும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். 2024இல் ஃபுளோரிடா, எந்த உள்ளாட்சியும் இனி வெயில் பாதுகாப்பு விதி போடவே முடியாதபடி சட்டம் இயற்றியது. நிழலுக்கும் தண்ணீருக்கும் எதிராக ஒரு சட்டமன்றம் கைதூக்கி வாக்களித்த காட்சியை எங்காவது சிலை வைக்க வேண்டும். நிழல் விழாத இடமாகப் பார்த்து.

2025 வந்தது. இந்த முறை ஆதாரம் போதாது என்று சொல்லும் சிரமத்தைக்கூட வாஷிங்டனில் இருந்தவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வேறுபாட்டை ஒழிக்கச் சுலபமான வழி அளப்பதை நிறுத்துவது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சிறுபான்மையினர் நலவாழ்வு பற்றிய ஆய்வு மானியங்கள் நூற்றுக்கணக்கில் நிறுத்தப்பட்டன. நிதி தந்த அமைப்பின் முன்னுரிமைகளோடு இனி ஒத்துப்போகவில்லை என்று ஒரே அச்சில் வார்த்த கடிதம். 2010இல் முழுக் கழகமாக உயர்த்தப்பட்ட தேசியச் சிறுபான்மையினர் நலவாழ்வு மற்றும் ஏற்றத்தாழ்வு ஆய்வுக் கழகத்தையே இழுத்து மூட வெள்ளை மாளிகை வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழிந்தது. ஜூனில் பாஸ்டனில் ரீகன் நியமித்த மூத்த நீதிபதி வில்லியம் யங், இந்த நிறுத்தங்கள் சட்ட விரோதம் என்றார். நாற்பது ஆண்டு நீதிபதியாக இருந்ததில் அரசாங்கமே செய்யும் இப்படியொரு இனப் பாகுபாட்டைக் கண்டதில்லை என்றும் சொன்னார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பணப் பிரச்சினைக்கு வேறு நீதிமன்றம் போங்கள் என்று கைகாட்டி, நிறுத்தங்களைத் தொடர விட்டது.

மூலத் தரவைக் காட்டு என்று அன்று ஏன் கேட்டார்கள் என்று ஐயம் இருந்தவர்களுக்கு அதே கோடையில் விடை கிடைத்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் பதிந்திருந்த சுமார் 7.9 கோடிப் பேரின் விவரங்களைப் பார்க்கக் குடியேற்ற அமலாக்கத் துறைக்கு அனுமதி கொடுத்து ஒப்பந்தம் போட்டார்கள். வைத்தியத்துக்கு எழுதிக் கொடுத்த முகவரி. மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம் பக்கம் கைது செய்யப் போவதைத் தவிர்க்க வேண்டும் என்றிருந்த பழைய கட்டுப்பாட்டையும் அந்த ஜனவரியிலேயே எடுத்துவிட்டார்கள். இனி எந்தக் கர்ப்பிணியிடம் போய் எந்த ஆய்வாளர் சீசாவை நீட்டுவார்? நீட்டினால் அவள் கொடுப்பாளா? 601 பேர் ஒரு காலத்தில் கொடுத்தார்கள் என்பதே இனி வரும் ஆய்வாளர்களுக்கு நம்ப முடியாத சங்கதியாக இருக்கும்.

குளோர்பைரிபாஸ் என்னவாயிற்று? 2023 நவம்பரில் சர்க்கரைக் கிழங்கு சாகுபடியாளர் சங்கங்கள் போட்ட வழக்கில் இன்னொரு நீதிமன்றம், 2021இன் தடையை ரத்து செய்தது. 2024 டிசம்பரில் முகமை ஒரு சமரசத்தை முன்மொழிந்தது: மற்றவற்றுக்கு வேண்டாம், 11 பயிர்களுக்கு மட்டும் அடிக்கலாம். ஆப்பிள், எலுமிச்சை ஆரஞ்சு வகைகள், பீச், கோதுமை, சோயா என்று போகிற அந்தப் பட்டியலில் ஸ்ட்ராபெரியும் இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு அமெரிக்காவை நினைத்து உச்சுக் கொட்டும் தமிழ் வாசகருக்கு ஒரு வார்த்தை. இதே குளோர்பைரிபாஸ் நம் ஊர் உரக்கடையில் கிடைக்கிறது. வீடு கட்டும்போது கரையானுக்கு அடிப்பதும் பெரும்பாலும் இதுதான். 2023 பிறந்த சமயத்தில் தமிழ்நாடு அரசு தற்கொலைகளைக் காரணம் காட்டி ஆறு பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை போட்டது. அதில் இதுவும் ஒன்று. தடை 60 நாளுக்கு. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநில அரசுக்குத் தரும் அதிகாரம் ஏறக்குறைய அவ்வளவுதான். நிரந்தரத் தடை டெல்லியின் கையில். 2025 மே மாதம் ஜெனீவாவில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் உலகெங்கும் ஒழிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கின்றன, ஏகப்பட்ட விதிவிலக்குகளோடு. அதனால் அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, களை பறிக்கும் கர்ப்பிணிகள் எத்தனை பேரின் சிறுநீரை இதுவரை சோதித்திருக்கிறீர்கள், இதை எப்போது நிரந்தரமாகத் தடை செய்யப் போகிறீர்கள் என்று இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.